பயிர்க்காவல் துவக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியும்

(மாத்தளை மாவட்ட நெல், மரக்கறிக் கமக்காரருக்கு)

மாத்தளை மாவட்டம் காடும் கழனியும் அடுத்தடுத்து அமைந்த மாவட்டமாகும். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரும், வடகிழக்கே 1984 ஆம் ஆண்டிலே தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட வஸ்கமுவவும் உள்ளன. லக்கலை, வில்கமுவ, நாவுல, இரத்தோட்டை, உக்குவளை, யட்டவத்தை ஆகிய பகுதிகளிற் பல வயல்களின் கடைசி வரம்பிலிருந்து காட்டின் முதல் மரத்துக்கு நூறு அடி தூரமும் இராது. தம்புள்ளை, கலேவெலப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களும் பற்றைக்காடுகளை அடுத்தே உள்ளன. ஆகவே இம்மாவட்டக் கமக்காரர் பூச்சியையும் நோயையும் எதிர்ப்பதோடு, நாற்காற் பகையையும் எதிர்த்தே விளைவை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கின்றது.

இப்பகைகளிலே காட்டுப்பன்றி முதன்மையானது. அது நெற்கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் இரவில் வயலில் இறங்கி, உண்பதைக் காட்டிலும் மிதித்து உழக்குவதே அதிகம். மரவள்ளி, வற்றாளை, சோளம், நிலக்கடலை ஆகியவற்றைக் கிண்டி அழிக்கும். முள்ளம்பன்றி கிழங்கையும் தென்னங்கன்றின் குருத்தையும் கடிக்கும். மரை மரக்கறி இலைகளை மேயும். பகலில் வரும் குரங்கு, மந்தி, மலையணில், மயில் ஆகியவற்றின் தொல்லை எத்துணைப் பெரிதாயிற்றெனின், 2025 ஆம் ஆண்டு மார்ச்சு 15 ஆந் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை அவற்றை நாடெங்கும் ஒரே வேளையில் எண்ணும் கணக்கெடுப்பொன்று நடத்தப்பட்டது.

இந்நிலையிற் பயிர்க்காவல் துவக்கு வைத்திருக்கும் கமக்காரர் சிலர், துவக்கின்மேல் ஸ்கோப் எனப்படும் குறிபார்க்கும் தொலைநோக்கி ஒன்றைப் பூட்டினால் குறி தவறாது எனக் கருதுகின்றனர். அக்கருவி எத்தகையது, எந்தத் துவக்குக்குப் பொருந்தும், நம்பத்தக்கதை எங்ஙனம் தெரிந்தெடுப்பது, அது செய்யமாட்டாதது யாது என்பவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

துவக்கின் வலுவும் எல்லையும்

பயிர்க்காவலுக்கெனக் கமக்காரர் வைத்திருப்பது பெரும்பாலும் 12 போர் எனப்படும் ஒருகுழல் அல்லது இருகுழல் வேட்டைத் துவக்காகும். குழலின் உள்வாய்க்கு அளவாக வார்த்த ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறையாகும் என்பதே அப்பெயரின் பொருள். உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். குழலின் உட்புறம் வழுவழுப்பானது. றைபிளின் குழலில் உள்ள முறுக்குப் பள்ளங்கள் இதில் இல்லை.

றைபிளிலிருந்து வெளிப்படுவது ஒரே சன்னமாகும். அது சுழன்று சென்று நெடுந்தூரத்தில் ஒரு புள்ளியைத் தாக்கும். வேட்டைத் துவக்கிலிருந்தோ பல ஈயக் குண்டுகள் ஒருங்கே புறப்பட்டு, செல்லச் செல்ல விரிகின்றன. பன்றிக்குப் பயன்படுத்தும் எஸ்.ஜி. தோட்டாவில் ஏறத்தாழ 8.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள குண்டுகள் பொதுவாக ஒன்பது இருக்கும். ஒரு யார் தூரத்துக்கு ஓர் அங்குலம் வீதம் குண்டுகள் விரியும் என்பது பழக்கத்திலுள்ள கணக்கு. இதன்படி 20 மீற்றர் தூரத்தில் அவை அரை மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலமுள்ள வட்டத்திலும், 40 மீற்றர் தூரத்தில் ஒரு மீற்றருக்கு மேற்பட்ட அகலமுள்ள வட்டத்திலும் பரவுகின்றன.

பன்றியை உடனே வீழ்த்தக்கூடிய இடம் முன்காலின் பின்னே, இதயமும் நுரையீரலும் உள்ள ஏறத்தாழ ஒரு சாண் அகலமான பகுதி மட்டுமே. 40 மீற்றரில் அப்பகுதி குண்டுகள் பரவும் வட்டத்தின் இருபத்தைந்திலொரு பங்காகும். குண்டுகள் சீராகப் பரவின், ஒன்பதில் ஒன்று கூட அங்கே படும் என்று எண்ணுதற்கில்லை. 20 மீற்றரில் அது ஆறிலொரு பங்காகும். ஒன்றோ இரண்டோ படலாம். 15 மீற்றரில் இரண்டு மூன்று படும். தூரத்திற் சுடப்பட்ட பன்றி சாகாது காயத்தோடு ஓடுவதற்கு இதுவே காரணம். துவக்கின் மீது எத்துணை விலையுயர்ந்த தொலைநோக்கியைப் பூட்டினும் விரிந்து செல்லும் குண்டுகளை அது ஒன்றுசேர்க்கமாட்டாது. ஆகவே 12 போர் துவக்கினால் 20 மீற்றருக்குள்ளேயே சுடுதல் நன்று. 25 மீற்றருக்கு அப்பாற் சுடுதல் ஆகாது.

குறி தவறிய குண்டு 25 மீற்றரில் நின்றுவிடும் என்று எண்ணுதலும் பிழையாகும். மேல்நோக்கிப் போன எஸ்.ஜி. குண்டு ஏறத்தாழ 600 மீற்றர் வரை செல்லக்கூடும். சிறிய .22 றைபிளின் சன்னம் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை செல்லும். கொல்லும் தூரம் சிறிது. கேடு விளைக்கும் தூரம் பெரிது.

தொலைநோக்கி செய்வது யாது

குறிபார்க்கும் தொலைநோக்கி மூன்று உதவிகளைச் செய்கின்றது. முதலாவது, இலக்கைப் பெரிதாக்கிக் காட்டுகின்றது. இரண்டாவது, கண்ணுக்குப் பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்றையும் ஒருங்கே நோக்கும் வேலையைக் குறைத்து, இலக்கின்மேல் ஒரு குறுக்கிழையை வைத்தால் போதுமாகச் செய்கின்றது. நாற்பது வயதைக் கடந்து அண்மைப் பார்வை மங்கியவருக்கு இது பேருதவி. மூன்றாவது, அந்தி வேளையில் வெறுங்கண்ணுக்குக் கிட்டுவதிலும் தெளிவான காட்சியைத் தருகின்றது. காரிருளில் அது எதையும் காட்டாது. ஒளி சிறிதேனும் இருந்தாலன்றிக் கண்ணாடி எதைச் சேர்த்துக் கொடுக்கும்?

கருவியின்மேல் 4x32 என்றோ 3-9x40 என்றோ எழுதப்பட்டிருக்கும். முதலெண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாமெண் முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீற்றரிலும் குறிக்கும். இரண்டாமெண்ணை முதலெண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 4x32 கருவியில் அது 8 மில்லிமீற்றர். 3-9x40 கருவியை 9 மடங்கில் வைத்தால் 4.4 மில்லிமீற்றரே. இளைஞரின் கண்மணி இருளில் 7 மில்லிமீற்றர் அளவுக்கு விரியும். வயது முதிர்ந்தவருக்கு 5 மில்லிமீற்றர் வரையே விரியும். எனவே அந்தி வேளைக்கு மடங்கு குறைந்த கருவியே ஏற்றது. மடங்கு கூடக்கூடக் காட்சியின் அகலமும் குறையும். ஓடும் விலங்கும் அதன் பக்கத்தில் நிற்பதும் கண்ணில் அகப்படா.

மடங்கு மிகுந்த கருவியே மேலானது என வாங்கச் செல்வோர் நம்புவதுண்டு. மலைச்சரிவுப் படிவயலிலே 50 மீற்றருக்குமேல் தெளிந்த வெளி கிடைப்பது அரிது. அவ்விடத்தில் 9 மடங்கு, 12 மடங்குக் கருவிகள் பணச் செலவையும் பாரத்தையும் தருவனவேயன்றி வேறில்லை.

எந்தத் துவக்குக்கு எது பொருந்தும்

(அ) 12 போர் வேட்டைத் துவக்கு: இதற்குத் தொலைநோக்கி வேண்டியதில்லை. குழலின் நுனியிலுள்ள சிறு மணியே போதுமான குறியாகும். அம்மணியில் வெள்ளை வர்ணம் சிறிது தீட்டினால் அந்தியிலும் தெரியும். மணி தேய்ந்தோ விழுந்தோ போயிருப்பின் அனுமதிபெற்ற துவக்குத் திருத்துநரிடம் புதியது வைப்பித்தல் வேண்டும். தொலைநோக்கியைப் பூட்டினாற் பின்னுதையினால் அதன் பிடிகள் தளர்ந்துவிடும். கருவியின் பின்விளிம்பு புருவத்தை வெட்டுதலும் உண்டு.

(ஆ) றைபிள்: அனுமதிப்பத்திரத்துடன் றைபிள் வைத்திருப்போர் மிகச் சிலரே. அவர்களுக்கு 4 மடங்குக் கருவி ஏற்றது. கண்ணுக்கும் கருவியின் பின்கண்ணாடிக்கும் இடையே 8 முதல் 9 சதமமீற்றர் வரை இடைவெளி இருந்தும் முழுக் காட்சியும் தெரியுமாயின் அதுவே நல்லது.

(இ) காற்றுத் துவக்கு: வில்விசையினால் இயங்கும் காற்றுத் துவக்கு சுடும்போது பின்னும் முன்னுமாக இருமுறை உதைக்கும். பெரிய றைபிளுக்கெனச் செய்யப்பட்ட தொலைநோக்கிகளுங்கூட இவ்வதிர்ச்சியில் உட்கண்ணாடி பெயர்ந்து பழுதாவதுண்டு. காற்றுத் துவக்குக்கென்றே செய்யப்பட்டதையே வாங்குதல் வேண்டும். மேலும், றைபிளுக்கான கருவிகள் 100 யார் தூரத்துக்கெனச் சரிசெய்யப்பட்டவை. 10, 20 மீற்றரில் கண் சற்று விலகினாலும் அவற்றின் குறுக்கிழை இலக்கின்மேல் நகர்ந்து தோன்றும். காற்றுத் துவக்கினாற் பன்றியைச் சுடுதல் கூடாது. அதன் சிறு குண்டு பன்றியைக் கொல்லாது, புண்ணையே உண்டாக்கும்.

துவக்கில் எதனைப் பூட்டுவதற்கும் முன்னர் அனுமதிப்பத்திரம் வழங்கிய அலுவலகத்தில் அது அனுமதிக்கப்பட்டதா எனக் கேட்டறிதல் அவசியம்.

நம்பகத்தைச் சோதித்தல்

தொலைநோக்கியின் நம்பகம் மூன்று வகையில் அறியப்படும்.

1. ஈரம் புகாமை: நக்கிள்ஸ் சரிவுகளில் மூடுபனியும் மழையும் மிகுதி. கருவியின் உள்ளே ஈரக்காற்று இருப்பின் குளிர்ந்த இரவில் உட்கண்ணாடி வியர்த்து மங்கிவிடும். நல்ல கருவிகளிலே காற்றை அகற்றி நைதரசன் வாயுவை அடைத்திருப்பர். நீர் புகாதென உத்தரவாதம் உள்ள கருவியை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் அமிழ்த்தி, குமிழிகள் தொடர்ந்து எழுகின்றனவா எனப் பார்க்கலாம். எழுந்தால் அது ஒழுகும் கருவி.

2. திருகின் உண்மை: குறியை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்த இரு திருகுகள் உண்டு. பல கருவிகளில் ஒரு சொடுக்கு 100 யாரில் கால் அங்குலம் நகர்த்தும். ஓரிடத்தைக் குறிவைத்துச் சுட்டபின், மேலே 20 சொடுக்கு, வலமாக 20, கீழே 20, இடமாக 20 எனத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தையே குறிவைத்துச் சுடுதல் வேண்டும். தாளில் அடையாளங்கள் சதுரமாக அமைந்து, கடைசிக் குண்டு முதற் குண்டின் அருகே வந்து சேர்ந்தால் கருவி நம்பத்தக்கது. விலகி நின்றால் திருகு பொய் சொல்கின்றது.

3. அதிர்ச்சி தாங்குதல்: பூட்டிய பின்னர் இருபது முறை சுட்டு, குறி இடம் மாறாதிருப்பதைக் காணவேண்டும். மாறினால் முதலிற் பிடிகளின் திருகாணிகளையே பார்க்க. பழி பெரும்பாலும் கண்ணாடியில் இல்லை, தளர்ந்த திருகாணியில் இருக்கும்.

வேட்டைத் துவக்கு வைத்திருப்போருக்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு மீற்றர் சதுரத் தாளை 20 மீற்றர் தூரத்தில் மண்மேட்டின் முன் நிறுத்தி, நடுவைக் குறிவைத்து ஒருமுறை சுட்டு, குண்டுகள் எங்கே பரவியுள்ளன என்று எண்ணிப் பார்த்தால், தம் துவக்கு இடம் வலம் இழுக்கின்றதா, எத்துணை விரிக்கின்றது என்பன தெளிவாகும். இச்சோதனைகளெல்லாம் பொலிசாரின் அனுமதி பெற்ற இடத்தில், பகலில், பின்னால் உயர்ந்த மண்மேடு இருக்கச் செய்யப்படவேண்டும்.

காணுதல் வேறு, குறிபார்த்தல் வேறு

நல்ல குறி இருந்தும் பெருந்துன்பம் நேர்வது எதனால் என்பதைக் கமக்காரர் நன்கு உணர்தல் வேண்டும். இரவிற் பன்றியெனக் கருதிச் சுடப்பட்டது மனிதர் எனப் பின்னர் தெரியவரும் செய்திகள் இந்நாட்டில் அவ்வப்போது வருகின்றன. அங்கே குறி தவறவில்லை. குறி சரியாகவே இருந்தது. தவறியது இலக்கு இன்னதென்று அறிதல்.

கதிர் முற்றிய வயலில் பக்கத்து வயற்காரர் நள்ளிரவில் வாய்க்காலைத் திருப்பக் குனிந்து நிற்பார். காவலிருந்த மகனுக்குத் தேநீர் கொண்டு தாய் வரம்பால் வருவாள். மாடு அவிழ்த்துக்கொண்டு போனதைத் தேடி ஒருவர் பற்றைக்குள் நுழைவார். இவர்கள் எழுப்பும் சலசலப்பும் பன்றி எழுப்பும் சலசலப்பும் செவிக்கு ஒன்றே. ஓசையைக் கேட்டும் அசைவைப் பார்த்தும் சுடுதல் எக்காரணங்கொண்டும் ஆகாது.

ஒளிவிளக்கில் மின்னும் கண்களை நம்பிச் சுடும் வழக்கமும் உண்டு. இதிலே அறியத்தக்க உண்மையொன்றுள்ளது. மாடு, மரை, மான், நாய், பூனை, சிறுத்தை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பும் படலமொன்று உண்டு. அதனாலேயே அவற்றின் கண் விளக்கொளியிற் பிரகாசிக்கின்றது. பன்றிக்கு அப்படலம் இல்லை. மனிதருக்கும் இல்லை. ஆகவே பளிச்சென மின்னும் கண் பெரும்பாலும் பன்றியின் கண் அன்று. அது அயலவரின் மாடாக இருக்கலாம், சட்டம் காக்கும் மரையாக இருக்கலாம். கண் மின்னாத கரிய உருவமோ பன்றியாகவும் இருக்கலாம், மனிதராகவும் இருக்கலாம். தலை, முதுகு, கால் ஆகிய முழு உருவத்தையும் தெளிவாகக் கண்டபின்னரே விசையில் விரலை வைத்தல் வேண்டும்.

இதற்குத் துவக்கின்மேலுள்ள தொலைநோக்கியைப் பயன்படுத்துதல் பெருந்தவறு. அதனூடாக நோக்குபவரின் துவக்கு, நோக்கப்படும் பொருளை நேராகக் குறிவைத்தே நிற்கின்றது. “அங்கே நிற்பது யார்?” எனப் பார்க்க முனைபவர், அவ்வாளின் மார்புக்கு நேராகத் துவக்கை நீட்டியவராகின்றார். பார்ப்பதற்கெனத் தனியே ஒரு கருவி வேண்டும். கழுத்தில் தொங்கும் 7x50 இருகண் தொலைநோக்கி ஒன்று ஸ்கோப்பைக் காட்டிலும் பயிர்க்காவலருக்குப் பயன்மிக்கது. மேற்சொன்ன கணக்கின்படி அதன் ஒளிக்கற்றை 7 மில்லிமீற்றருக்கு மேலாதலால் அந்தியில் அது நன்கு காட்டும். பகலிலே குரங்குக் கூட்டம் எப்பக்கத்தால் வருகின்றதென அறியவும் உதவும். பணம் செலவிட எண்ணுவோர் இதிற் செலவிடுதலே மேல்.

பரணும் பின்னணியும்

குண்டு இலக்கைத் தவறினால் எங்கே போய் நிற்கும் என்பதைச் சுடுமுன் அறிந்திருத்தல் வேண்டும். இதற்குப் பரண் நல்ல துணை. தரையிலிருந்து 3 மீற்றர் உயரமான பரணில் அமர்ந்தவரின் குழல்நுனி ஏறத்தாழ 4 மீற்றர் உயரத்தில் இருக்கும். அவர் 20 மீற்றர் தொலைவில் அரை மீற்றர் உயரத்தைக் குறிவைத்துச் சுட்டால், தவறிய குண்டு அதற்கப்பால் 3 மீற்றருக்குள் மண்ணிற் புதையும். அதே இடத்தில் தரையில் அமர்ந்து, குழல் 80 சதமமீற்றர் உயரத்தில் இருக்கச் சுட்டால், தவறிய குண்டு சமநிலத்தில் 30 மீற்றருக்கு மேலும் சென்றே தரையைத் தொடும். அங்கிருந்து தெறித்து இன்னும் செல்லும்.

உக்குவளை, யட்டவத்தைப் பக்கத்துப் படிவயல்களில் கீழ்வயலிலிருந்து மேல்வயலை நோக்கிச் சுடுதல் ஆபத்தானது. மேட்டின் விளிம்பிலே நிற்கும் விலங்குக்குப் பின்னால் வானமே உள்ளது. வானத்துக்குப் பின்னால் அடுத்த கிராமம் இருக்கும். நீர் நிறைந்த வயலிலும் பாறை மீதும் தாழ்வாகச் சென்ற குண்டு சறுக்கித் தெறிக்கும். மண்மேட்டைப் பின்னணியாகக் கொண்ட ஓரிரு இடங்களைப் பகலிலே தெரிந்து, 20 மீற்றர் எல்லையில் வெள்ளைக் கம்பு நட்டு, அவ்வெல்லைக்குள் வந்த பன்றியை மட்டுமே சுடுவதென உறுதி கொள்ளல் வேண்டும்.

பரணில் ஏறும்போதும் இறங்கும்போதும் துவக்கில் தோட்டா இருத்தல் ஆகாது. வெறுந்துவக்கைக் கயிற்றிற் கட்டி, ஏறியபின் மேலே இழுத்துக்கொள்ளலாம். குழல் வாயிற் சேறோ குளவிக்கூடோ இருப்பின் சுடும்போது குழல் வெடிக்கும். ஆதலின் தோட்டா இடுமுன் குழலூடாக ஒளி தெரிகின்றதா எனப் பார்க்க. காயப்பட்ட பன்றியை இருளிற் பின்தொடர்தல் கூடாது. விடிந்தபின் துணையோடு செல்க.

சட்டம்

துவக்கு வைத்திருத்தல் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்படுகின்றது. அனுமதிப்பத்திரம் ஒவ்வோராண்டும் திசெம்பர் 31 ஆந் திகதியுடன் முடிவடைவதால் உரிய காலத்திற் புதுப்பித்தல் வேண்டும். அது உரியவருக்கே உரியது. துவக்கை அயலவருக்கு இரவல் கொடுத்தல் ஆகாது. துவக்கைத் தோட்டா நீக்கிப் பூட்டிவைத்து, தோட்டாக்களை வேறிடத்தில் உலர்வாக வைத்தல் வேண்டும்.

விலங்குகளைப் பற்றியது 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமாகும். அது 2009 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தினாலும் திருத்தப்பட்டது. யானை, சிறுத்தை, மரை, புள்ளிமான் ஆகியன காக்கப்பட்ட விலங்குகள். பயிரை மேய்ந்தாலும் அவற்றைச் சுடுதல் குற்றம். எந்தெந்த விலங்கைத் துரத்தலாம், எதனைச் சுடலாம், இரவில் விளக்கோடு சுடுதல் பற்றிய விதி யாது என்பவற்றை வனசீவராசிகள் திணைக்களத்தின் அண்மைக் காரியாலயத்திற் கேட்டறிந்த பின்னரே காவலைத் தொடங்குதல் வேண்டும். யானை வரும் வில்கமுவ, லக்கலைப் பகுதிகளில் அதன்மேல் எஸ்.ஜி. குண்டு சுடுதல் பெரும் மடமையுமாகும். அக்குண்டினால் யானை பெரும்பாலும் உடனே சாவதில்லை. நோவோடு ஊருக்குள் வருகின்றது. அதனைத் துரத்த யானைவெடியையே பயன்படுத்துக.

ஆளில்லாக் காவலின் கேடு

துவக்கைக் காவலில்லாமல் கட்டிவைத்து, விலங்கு கம்பியைத் தட்டும்போது வெடிக்கச் செய்யும் கட்டுத்துவக்கு சட்டத்துக்கு முற்றிலும் விரோதமானது. வாய்வெடியும் கம்பிக் கண்ணியும் வீட்டு மின்சாரத்தை நேரே பாய்ச்சிய கம்பியும் அவ்வாறே. கண்ணில்லாத இக்கருவிகள் பன்றியையும் பிள்ளையையும் பிரித்தறியா. 2020 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆந் திகதி நுவரெலியா மாவட்டம் நல்லதண்ணிப் பகுதியில், தேயிலைத் தோட்டத்து மரக்கறி நிலமொன்றில் இடப்பட்டிருந்த கம்பிக் கண்ணியில் அரிதான கருஞ்சிறுத்தையொன்று அகப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் 29 ஆந் திகதி அது இறந்தது. சிறுத்தைக்காக அக்கண்ணி இடப்படவில்லை. எனினும் அகப்பட்டது அதுவே.

துவக்குக்கு முன் வேலி

ஒரு பன்றியைச் சுட்டால் ஒரு பன்றி குறையும். நல்ல வேலி கூட்டம் முழுவதையும் தடுக்கும். பன்றி வேலியைத் தாண்டுவதிலும் அடியாற் புகுவதே வழக்கமாதலால், முட்கம்பியின் அடிவரியை நிலத்தோடொட்டி இழுத்து, அதன்மேல் இரண்டு மூன்று வரிகளை நெருக்கமாக இழுத்தல் வேண்டும். மென்மின் வேலி அமைப்பின், அதற்கென்றே செய்யப்பட்ட துடிப்பு மின்கருவியையே பயன்படுத்துக. வயலோரப் பற்றையை ஐந்தாறு மீற்றர் அகலத்துக்கு வெட்டி வெளியாக்கினாற் பன்றி வெளியே வரத் தயங்கும். வந்தாலும் தெளிவாகத் தெரியும். அறுவடையில் எஞ்சிய கிழங்கையும் அழுகிய மரக்கறியையும் வயலோரத்தில் விடாது புதைத்துவிடுதல் நன்று.

யாயிலுள்ளோர் யாவரும் ஒரே காலத்தில் விதைத்தால் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் காவல் நாட்கள் குறையும். விதைப்பு நாளைத் தீர்மானிக்கும் கூட்டத்திலேயே காவல் முறையையும் தீர்மானித்தல் நன்று. இன்ன இரவில் இன்னார் இன்ன பரணில் துவக்கோடு இருப்பார் என்பதைப் பலகையில் எழுதி, கமநல சேவை நிலையத்திலும் வயற்பாதை முகப்பிலும் வைக்கலாம். அவ்விரவில் நீர் திருப்பச் செல்வோர் விளக்கை ஏந்திக் குரல் கொடுத்துச் செல்லுதலும், காவலர் பதிற்குரல் கொடுத்தலும் கட்டாயமாக்கப்படல் வேண்டும். இதற்குச் செலவில்லை. எந்தத் தொலைநோக்கியும் செய்யாத உதவியை இது செய்யும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. 12 போர் துவக்குக்குத் தொலைநோக்கி வேண்டாம், நுனிமணி போதும். 20 மீற்றருக்குள் சுடுக.

2. றைபிளுக்கு 4 மடங்குக் கருவி போதும். ஈரம், திருகு, அதிர்ச்சி ஆகிய மூன்று சோதனைகளிலும் தேறியதையே வாங்குக.

3. துவக்கின் தொலைநோக்கியால் ஆளை அடையாளம் காண முயலாதிருக்க. அதற்கு இருகண் தொலைநோக்கியைப் பயன்படுத்துக.

4. மின்னும் கண் பெரும்பாலும் பன்றியின் கண் அன்று. மின்னாத உருவம் மனிதராகவும் இருக்கலாம்.

5. இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லையேற் சுடாதிருக்க.

6. கட்டுத்துவக்கு, வாய்வெடி, கண்ணி, வீட்டு மின்கம்பி ஆகியவற்றை ஒருபோதும் வைக்காதிருக்க.

7. ஐயம் தோன்றின் துவக்கைத் தாழ்த்துக. ஓரிரவில் இழந்த நெல்லை அடுத்த போகத்தில் விளைவிக்கலாம். இழந்த உயிரை எப்போகத்திலும் விளைவித்தல் இயலாது.